‘முடி’ என்று தொடங்கும் சொல்

திறந்தால் மூடிவிடும். அதுதான் கம்ப்யூட்டரில் கோடு எழுதுகிற அந்த எடிட்டரின் குணம். சுகந்தி ஒரு பிராக்கெட்டைத் திறந்துவிட்டு அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்துவதற்குள், மூடுகிற பிராக்கெட் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், பந்திக்கு முந்திக்கொள்கிற சொந்தக்காரரைப் போல. மேற்கோள்குறிக்கும் அதே கதைதான். ஒன்று போட்டால் இரண்டு. நடுவில் கர்சர் துடித்துக்கொண்டு நிற்கும்: சொல்ல வேண்டியதை இனி இதற்குள் சொல், முடிவை நான் பார்த்துக்கொண்டேன் என்கிற மாதிரி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஏற்பாட்டில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது, ஒரு நாளும் இதை நினைத்துப் பார்த்ததில்லை, மூச்சு விடுவதை யாராவது நினைப்பார்களா? இன்றைக்கு எரிச்சலாக வந்தது. உன்னை யார் கேட்டது என்று திரையைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் முன்னறையில் இருக்கிற ஞானவேலுக்குக் கேட்கும், கேட்டால் இவள் மீட்டிங்கில் இல்லை என்பது தெரிந்துபோகும். சற்று முன்னால் அவர் கூப்பிட்டபோது ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதில் ஒரு சத்தமும் இல்லை. கட்டின புருஷன், பேச்சு போன மனுஷன், பாடுபட்டு வாயைத் திறந்து கூப்பிடுகிறார், பெண்டாட்டி வெறும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொய் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறாள். ஆபீஸில் இவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது. அவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் அவர் கூப்பிட்டது அந்தச் சொல்லை வைத்து அல்லவா. “சுகு… முடி…” என்று. முடி. தலையில் வெட்டுவதற்கு இனி முடியே இல்லை. அப்புறமும் முடி என்கிறார். அப்படியென்றால் அது முடி இல்லை.

அதற்கு மேல் நினைக்க வேண்டாம் என்று அவள் திரையில் இருந்த கோடின் முதல் வரிக்குப் போனாள். மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய சின்னத் திருத்தம், கையை வைத்தால் முடிந்துவிடும். முடிந்துவிடும், மறுபடியும் பார், முடி. தமிழில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு வாக்கியம்கூட ஓடாது போலிருக்கிறது. இத்தனை வருஷம் கண்ணில் படாமல் எங்கே ஒளிந்திருந்தது? முன்னறையில் நாற்காலி கிறீச்சிட்டது. கை நின்றது. எழுந்திருக்கிறாரா? இல்லை, சாய்ந்து உட்கார்ந்திருப்பார். சரவணம்பட்டி பக்கம் அடுக்குமாடி வீடு, எட்டுவைத்தால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர், இதற்குள் ஒருத்தரை விட்டு ஒருத்தர் ஒளிந்துகொள்வது லேசான காரியமில்லை. வலது பக்கம் கையும் காலும் இப்போது கொஞ்சம் தேவலை. சோறு இடது கையால் தின்கிறார். பேச்சுதான் வரவில்லை. மூளையில் பேச்சுக்கு என்று ஓர் இடம் இருக்கிறதாம், ரத்தம் போகாமல் அங்கே பட்டுவிட்டதாம். சொல் உள்ளே இருக்கிறது, வெளியே வருகிற வழிதான் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். முதல் எழுத்து வரும், இரண்டாவது வரும், அப்புறம் வாய் அப்படியே நிற்கும், கண் மட்டும் உன்னைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும். ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால் சொல்கிறார், இரண்டை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னால் முடியாது. இவள் பெயரை விட்டால், முழுசாக, தங்குதடையில்லாமல், நல்ல பேச்சுக்காரர் மாதிரி வருகிற சொல் ஒன்றே ஒன்றுதான். “சரி.” காபி வேணுங்களா? சரி. ஃபேன் போடட்டுங்களா? சரி. ஃபேன் அமர்த்தட்டுங்களா? அதற்கும் சரி. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற அந்தச் சரியை நம்பித்தான் இவள் இந்த வீட்டை நடத்திக்கொண்டிருக்கிறாள்.

எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தாள், வாரத்துக்கு ஒரு தடவை பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற ஜெஸிந்தா. “நீங்க எடுத்துக் குடுக்கக் குடுக்க அவரு தேடறத விட்டுருவாருங்க மேடம். சும்மா மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருங்க, போதும்.” சும்மா உட்கார்ந்திருப்பதாம். சும்மா இருப்பதே சுகம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், கட்டின மனுஷன் ஓர் எழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது எதிரே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும். அவர் “த…” என்றால் இவள் வாயில் ‘தண்ணீர்’ வந்துவிடும். “கா…” என்றால் காபி. “வ…” என்றால் வலிக்குதுங்களா. எண்ணெய் முந்துகிறதோ திரி முந்துகிறதோ என்பார்களே, அந்த அவசரம். பாதி தடவை சரியாகவும் இருந்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. அப்படித்தான் அவர் முதல்முறை “முடி…” என்றபோது “முடி வெட்டோணுங்களா?” என்றாள். “சரி” என்றார். ஆஸ்பத்திரியில் வளர்ந்த முடி காதை மூடிக்கொண்டு கிடந்தது, நியாயம்தானே. சலூன் குமரேசனை வீட்டுக்கே வரச்சொன்னாள். “அண்ணனுக்கு எப்படி வெட்டறதுங்க?” என்று அவன் இவளைத்தான் கேட்டான், இவளும்தான் பதில் சொன்னாள், நல்லா குறைச்சிருங்க என்று. கத்தரி பாதியில் இருக்கும்போது ஞானவேல் இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “முடி… முடி…” “இதோ முடிஞ்சுதுங்ணா, அசையாம இருங்க.” அடுத்த வாரம் மறுபடியும் முடி என்றார். இன்னும் குறைக்கோணுங்களா? சரி. மறுபடி குமரேசன், இந்தத் தடவை மெஷின். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. முடிந்தது. கண்ணாடியைக் காட்டியபோது அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் நின்ற இவளைப் பார்த்தார். அவர் உச்சந்தலையில் ஒரு மச்சம் இருப்பது கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரையில் திடீரென்று எல்லாம் ஆரஞ்சு நிறமாக மாறியது. அவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். ஒன்றுமில்லை, எதையோ அழிக்கும்போது மூடுகிற மேற்கோளும் சேர்ந்து அழிந்திருக்கிறது. திறந்த மேற்கோள் மட்டும் மேலே நிற்கிறது, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அதற்குள்ளே போய்விட்டது. கட்டளைகள், கணக்குகள், கவனமாக எழுதின வரிகள் எல்லாம், யாரோ எதையோ பேச ஆரம்பித்து நிறுத்தாமல் விட்டதன் மீதிப் பகுதி என்று எடிட்டர் எடுத்துக்கொண்டது. ஒரு குறி மூடாமல் போனால் அப்புறம் வருகிற எதுவும் வேலை செய்யாது, எல்லாம் வெறும் பேச்சு. இந்த இரண்டு மாதமும் இதுதானே. அந்த ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் அவர் திறந்துவிட்டுப் போன ஒரு வாக்கியத்துக்குள்ளேதான் அப்புறம் வந்ததெல்லாம் கிடக்கிறது, ஆஸ்பத்திரி, ஊசி, வாக்கர், கத்தரி, இந்த ஹெட்போன், எல்லாம். சண்டை ஒன்றும் பெரிதில்லை. அவருடைய சிநேகிதர் போன் பண்ணி கொடைக்கானல் போகலாமா என்று கேட்டிருக்கிறார், போனை எடுத்த இவள், அவருக்குக் குளிர் ஒத்துக்காதுங்க, வரமாட்டாருங்க என்று சொல்லி வைத்துவிட்டாள். அவரைக் கேட்கவில்லை. கேட்பானேன், இவளுக்குத் தெரியாதா? அவர் பேச்சே எப்போதும் நிதானம். பம்ப்செட் கம்பெனியில் விற்பனைக்காரர், விவசாயிகளிடம் ஒரு வார்த்தை சொல்லி, நிறுத்தி, பொறுமையாக அடுத்ததைச் சொல்லி மோட்டாரை விற்றுவிடுவார், அவர்களுக்கு அது பிடிக்கும். வீட்டில் அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? “அண்ணன் வண்டிய ஸ்டார்ட் பண்ணறதோட சரி, ஓட்டறது அண்ணிதான்” என்று அவர் தம்பி கேலி பண்ணுவான், எல்லோரும் சிரிப்பார்கள், அவரும்தான் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. தோசையைப் பாதியில் வைத்துவிட்டு, “சுகு, இனிமே என்னால உன்கூட” என்று சொல்லி நிறுத்தினார். எப்போதும்போல, சரியான வார்த்தையைத் தேடுகிற நிறுத்தம். அது இவளுக்கு அத்துபடியான நிறுத்தம். அந்த இடைவெளியில் புகுந்து இவளே மூடினாள்: “முடியாது. அதானுங்களே சொல்ல வர்றீங்க? முடியாதுன்னா விடுங்க, யாரு இங்க கட்டிப் போட்டு வெச்சிருக்கறாங்க?” அவர் இவளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு “சரி” என்றார். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. அவர் முழுசாகப் பேசின கடைசிச் சொல் அந்தச் சரிதான், மிச்சமிருக்கிறதும் அந்தச் சரிதான்.

மேற்கோளை மூடினாள். நிறங்கள் ஓடிவந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. இங்கே ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், ஆகிவிடுகிறது. ஓரத்தில் பிரணவின் செய்தி வந்து நின்றது, இவளுடைய குழுவில் இருக்கிற பையன், அனுப்பிட்டீங்களா மேடம் என்று. இன்னும் கொஞ்சம் நேரம் என்று போட்டாள். சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது. ஒரு பெயரைச் சுற்றி மேற்கோள் போட வேண்டியிருந்தது, பெயருக்கு முன்னால் கர்சரை வைத்துக் குறியைத் தட்டினாள், எடிட்டர் திறப்பையும் மூடுதலையும் சேர்த்தே போட்டுவிட்டது. பெயர் வெளியே நின்றது. காலியான இரண்டு குறிகள், உள்ளே ஒன்றுமில்லை, சொல்ல வேண்டியது வாசலுக்கு வெளியே. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்தாள், மறுபடி தட்டினாள், மறுபடியும் அப்படியே வந்தது. முடி வெட்டோணுங்களா? சரி. திறப்பும் மூடுதலும் கச்சிதம், அவர் சொல் வெளியே. முடி என்றால் அவளுக்கு ஏன் தலைமுடி தோன்றியது? காது மூடிக் கிடந்தது என்பதா காரணம்? பொய். முதல்முறை அவர் முடி என்றபோதே அடுத்த எழுத்து ‘யா’ என்று இவளுக்குள் விழுந்துவிட்டது. இனிமே என்னால உன்கூட முடியாது. தான் மூடின வாக்கியத்தை அவரே தன் வாயால் மூடப் போகிறார் என்று பயந்துபோனாள். அது வெளியே வந்து விழுவதற்குள் ஏதாவது ஒன்றைக் கொண்டு அடைக்க வேண்டும், கைக்கு அகப்பட்டது தலைமுடி. கத்தரிக்காரனைக் கூப்பிட்டு அவர் வாயை அடைத்தாள். இரண்டு தடவை. நேராகக் கேட்டுவிடலாமா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள், அன்னைக்கு முடியாதுன்னுதானுங்க சொல்ல வந்தீங்க, என்று. கேட்டால் என்ன சொல்வார்? சரி என்பார். இல்லைதானுங்களே என்று கேட்டாலும் சரி என்பார். பேச முடியாத ஒருவர், சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் இவள் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருவர், உன்னோடு இருக்க முடியாது என்று இத்தனை நாளாகச் சொல்லப் பார்க்கிறார் என்றால், அவரை இவள் எங்கே கொண்டுபோய் விடுவது? இவள்தான் எங்கே போவது? அழுகை முட்டியது. இவர் இல்லாத ஒரு வீட்டை அவளால் மனசில்கூட நிறுத்திப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு பிடிக்கும். பிடித்ததனால்தானே அவர் வாயிலிருந்து வருவதற்கு முன்பே எல்லாம் தெரிந்துகொண்டோம் என்று நம்பினாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. சர்ரென்று செருப்பு தரையில் தேய்வது. நிற்பது. மறுபடி சர். வலது காலை இழுத்துக்கொண்டு வருகிறார். வாக்கர் இல்லாமல். அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை, திரும்பவில்லை, விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன, ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும், விழுந்துவிட்டால்? எழுந்தாள், உட்கார்ந்தாள். எழுந்து போனால் வழியிலேயே அந்தச் சொல் வந்துவிடும், முன்னறைக்கும் இந்த அறைக்கும் நடுவில், ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்க வேண்டியிருக்கும். போகாவிட்டால் இங்கே வந்து சொல்வார். சர். சுவரைத் தடவுகிற சத்தம். குக்கர் அடுத்த விசில் விட்டது, அதை அமர்த்த வேண்டும், நல்ல சாக்கு, எழுந்து அவரைக் கடந்து சமையலறைக்குப் போய்விடலாம், இருங்க, குக்கர அமத்திட்டு வர்றேன். அடச்சீ. தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும், இவள் வாய் கெடுத்ததற்கு இப்போது காதையும் பொத்திக்கொள்ளப் பார்க்கிறாள். சர். செருப்பு வாசலில் வந்து நின்றது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. ஒட்ட வெட்டின தலை, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மேசையில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மீட்டிங் எதுவும் இல்லை என்பதைப் பார்த்தார். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. “சுகு” என்றார். அது நன்றாக வந்தது. பிறகு, “முடி…” அவள் வாய் தானாகத் திறந்தது. முடிதான் இல்லீங்களே, இனி வெட்டறதுக்கு என்ன இருக்குது, என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முட்டி வலிக்குதுங்களா, முறுக்கு வேணுங்களா, எது வேண்டுமானாலும், எதையாவது போட்டு மூடிவிடு. பல்லைக் கடித்தாள். மேசையில் போன் அடித்தது, பிரணவ். அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. அவர் வாயையே பார்த்தாள். ‘யா’ வருவதானால் வாய் அகலத் திறக்கும், அது அவளுக்குத் தெரியும், ஜெஸிந்தா கண்ணாடியை வைத்துக்கொண்டு காட்டியிருக்கிறாள். உதடு நடுங்கியது. திறக்கிறது. திறக்கட்டும். போன் நின்றுபோயிற்று. வீடு முழுக்க அவர் மூச்சு மட்டும் கேட்டது, திரையில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது, இவள் கைகள் மடியில் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. சொல்லிவிடுங்கள், சொல்லிவிட்டால் இந்த நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளாது. வாய் அகலத் திறக்கவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. “…க்…” என்றது. “…க்கா…”

முடிக்கா. அப்படித் தொடங்குகிற சொல் எதுவும் அவளிடம் தயாராக இல்லை. காய், காபி, காற்று, மனசு ஓடி ஓடித் தேடியது, ஒன்றும் பொருந்தவில்லை. முதல்முறையாக அவர் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த இருபது வருஷத்தில் முதல்முறையாக. “…த” என்றார் ஞானவேல். சொல்லிவிட்டு, பெரிய மூட்டையை இறக்கி வைத்தவர்போல மூச்சு விட்டார். அவள் இன்னும் விழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, நிலையை விட்டுக் கையை எடுத்தார், அவள் பக்கம் ஓர் அடி வைத்து ஆடினார், அவள் எழுந்து பிடிப்பதற்குள் அந்தக் கை அவள் உதட்டின் மேல் வந்து நின்றது. “நீ” என்றார். “முடி… க்காத.”

முடிக்காதே. இத்தனை நாளும் இதைத்தான். ‘தண்ணீர்’ என்பதை முடிக்காதே, ‘காபி’ என்பதை முடிக்காதே, என் வார்த்தையை நீ முடிக்காதே. ஒவ்வொரு தடவையும் பாதி வார்த்தையில் அவள் புகுந்து, முடிக்காதே என்பதையும் முடித்துவைத்தாள், கத்தரியும் மெஷினும் கொண்டுவந்து. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதிச் சிரிப்பில் அழுகை வந்தது, வெட்கத்தில் முகம் எரிந்தது. அவர் அந்தக் கையாலேயே தன் மொட்டைத் தலையைத் தடவிக் காட்டினார், முகத்தின் இடது பக்கம் மட்டும் சிரித்தது. “சரி?” என்றார். அந்தச் சொல்லை அவர் கேள்வியாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. கைத்தாங்கலாகக் கொண்டுபோய்க் கட்டிலில் உட்காரவைத்தாள். சமையலறையில் குக்கர் மறுபடி கூவியது, கூவட்டும், பருப்பு குழைந்தால் குழையட்டும். “அன்னைக்கு ராத்திரி…” என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்துவிட்டு, தோசை, கொடைக்கானல், முடியாதுன்னுதானுங்களே என்றெல்லாம் வரிசைகட்டி வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள். பாதி வாக்கியம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது, அது எந்த ராத்திரி என்பதும், இவள் எதைக் கேட்கிறாள் என்பதும். கண்ணை மூடினார். உதடு தேட ஆரம்பித்தது. சுகந்திக்குப் பயமாகத்தான் இருந்தது, இப்போதும் அந்த வாக்கியத்துக்கு அவளுக்குத் தெரிந்த முடிவு ஒன்றுதான், அது முடியாது என்பதுதான், வேறு எதுவுமாக இருக்கலாம் என்று நம்ப அவளுக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் இரண்டு உதட்டையும் உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு, அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதுவாக இருந்தாலும் அவர் சொல்லட்டும். திறந்தது அவர், மூட வேண்டியதும் அவர்தான்.

“இனிமே… என்னால… உன்கூட…